நெல்லையிலிருந்து அமெரிக்க மாணவர் விசா: கேள்வி பதிலுக்கு முன்பு வீட்டுக் கணக்கைப் படியுங்கள்

பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ இருந்துகொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை இடம் வாங்கியவர்கள், விசா நேர்காணல் என்றதும் முதலில் தேடுவது கேள்வி பதில் பட்டியலைத்தான். நூறு கேள்வி, நூறு பதில், இரவும் பகலும் மனப்பாடம். அந்த வழி வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், கண்ணாடிக்கு அப்புறம் நிற்கும் அதிகாரி உங்களோடு பேசுவது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். விண்ணப்பத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் பொருந்துகின்றனவா, இந்தப் படிப்பும் இந்தப் பணமும் இந்தப் பிள்ளைக்கு இயல்பாகச் சேர்கின்றனவா என்பதை அந்த நேரத்துக்குள் அவர் எடைபோட்டுவிடுகிறார்.

ஆகவே உங்கள் குடும்பத்தின் தொழில், வருமானம், சொத்து, கடன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. கேட்டாலும், "அதெல்லாம் உனக்கு எதற்கு, நீ படிப்பைப் பார்" என்று அப்பா முடித்துவிடுவார். இருபத்திரண்டு வயதில் தந்தையின் ஆண்டு வருமானம் தெரியாமல் வளர்வது நம் வீடுகளில் வழக்கம். நேர்காணலில் அந்த வழக்கம் உங்களைக் கவிழ்த்துவிடும்.

முதலில் வேலைகளின் வரிசை

உங்களுக்கு இடம் கொடுத்ததை உறுதிசெய்து பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம்தான் தொடக்கம். அது கைக்கு வந்ததும் அதில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். படிவத்தின் மேலே 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் இருக்கும். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் பதிவேடு. அந்த எண்ணைக் கொண்டு செவிஸ் கட்டணம் 350 டாலர் செலுத்த வேண்டும். இது விசாக் கட்டணத்தில் சேராது. அடுத்து டி.எஸ்-160 என்னும் இணைய விண்ணப்பம். பிறகு விசாக் கட்டணம் 185 டாலர். 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய ஒரு சட்டம் விசாவுக்கு மேலும் 250 டாலர் வசூலிக்க வழிசெய்திருக்கிறது. ஆகவே பணம் கட்டுகிற அன்றைக்கு அதிகாரபூர்வ இணையதளத்தில் தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டிய பணம் திரும்பி வராது. விசாக் கட்டண ரசீது, கட்டிய நாளிலிருந்து 365 நாள் செல்லும்.

அதன் பிறகு இரண்டு தேதிகள் வாங்க வேண்டும். ஒன்று, விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் பதிவுசெய்ய. மற்றொன்று, துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு. வழக்கமாக இரண்டும் வெவ்வேறு நாளில் வரும். படிப்பு தொடங்கும் நாளுக்கு 365 நாள் முன்னதாகவே விசா கொடுக்கலாம் என்பது விதி. எனவே ஐ-20 வந்த வாரத்திலேயே தேதி தேடத் தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் நாடே அந்த வரிசையில் நிற்கும்.

பெயர்: நம்மவர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி

வடநாட்டு மாணவருக்குக் குடும்பப் பெயர் பிறப்போடு வருகிறது. நமக்கு இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில், சிலருக்கு அந்தக் கட்டமே வெற்றாக. போதாக்குறைக்கு நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். இசக்கி என்ற பெயரை ஒரு பள்ளியில் 'ஐ' எழுத்தில் தொடங்கியிருப்பார்கள், கல்லூரியில் 'ஈ' எழுத்தில். பேச்சிமுத்து என்பதில் 'டி' உண்டா இல்லையா என்பது அந்தந்தத் தலைமையாசிரியரின் விருப்பம்.

விசாவுக்கு அடிப்படை பாஸ்போர்ட்தான். ஐ-20, டி.எஸ்-160, தேதி உறுதிக் கடிதம் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள் டி.எஸ்-160இல் தங்கள் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதி, சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ என்ற மூன்று எழுத்துகளைப் போட வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அங்கே போய் வங்கிக் கணக்கு திறக்கும்போதும் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதும் அந்த மூன்றெழுத்து உங்கள் பெயராக நிற்கும். விசா கிடைப்பதற்கு அது தடையில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் எரிச்சல்.

என் யோசனை: பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, இறுதியாண்டின் தொடக்கத்திலேயே, திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். ஐ-20 வந்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். ஐ-20இல் எழுத்துப் பிழை இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு உடனே எழுதி, நேர்காணலுக்கு முன்பே திருத்திய படிவத்தை வாங்குங்கள். "சின்னப் பிழைதானே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர் உங்களோடு கவுண்டர் முன்னால் வந்து நிற்கப்போவதில்லை.

டி.எஸ்-160 படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

வண்ணாரப்பேட்டையிலும் பாளையிலும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்கள் பெருகிவிட்டன. பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்க அவர்கள் உதவலாம். ஆனால் டி.எஸ்-160 படிவத்தை அவர்களிடம் விடாதீர்கள். அதில் நீங்கள் கையெழுத்திடுவது உறுதிமொழிக்குச் சமம். பிழை யாருடையது என்று அதிகாரி விசாரிக்க மாட்டார். வேறு ஒருவர் நிரப்பினால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது நேர்காணலன்று உங்களுக்கு நினைவிருக்காது. மையத்தின் மின்னஞ்சலையும் பாதுகாப்புக் கேள்வியையும் போட்டு நிரப்பிவிட்டால், பிறகு உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திறக்க முடியாமல் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும்.

இரண்டு மாலை போதும், உட்கார்ந்து முடித்துவிடலாம். சற்று நேரம் எதுவும் செய்யாமல் விட்டால் தளம் உங்களை வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்துக்கொண்டே போங்கள், விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பெற்றோரின் பிறந்த தேதி கேட்பார்கள். நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் தேதி ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருக்கும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளது, இல்லையென்றால் ஆதாரில் உள்ளது என்று ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் உண்டா என்ற கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார் என்பதை மறைத்தால் விசா எளிதாகக் கிடைக்கும் என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அண்ணனும் ஒருநாள் இதே படிவத்தை நிரப்பித்தான் போனார், அதில் உங்கள் குடும்ப விவரமும் இருக்கலாம். கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் கேட்கிறார்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி பொதுவாக வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய கணக்கு ஒன்றைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.

புகைப்படம் ஸ்டுடியோக்காரருக்குப் பழகிய பாஸ்போர்ட் அளவு அன்று. இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, கண்ணாடி அணியாமல். முகத்தை வெளுப்பாக்கி மெருகேற்றித் தருவது நம் ஸ்டுடியோக்களின் அன்பு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சமர்ப்பித்ததும் உறுதிப் பக்கத்தோடு முழு விண்ணப்பத்தையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். தேதி வாங்கும்போது கொடுத்த டி.எஸ்-160 எண்ணும் கையில் கொண்டுபோகும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நேர்காணலுக்கு நீங்கள் படிக்க வேண்டிய முதல் பாடநூல் இந்த அச்சுப் பிரதிதான்.

பணம்: அப்பாவோடு ஒரு மாலை உட்காருங்கள்

ஐ-20இல் ஓராண்டுச் செலவு எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்ற விவரம் இருக்கும். உதாரணமாக மொத்தம் 40,000 டாலர் என்றால், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 36 லட்சம். இந்தத் தொகையை ரூபாயிலும் டாலரிலும் தடுமாறாமல் சொல்ல உங்களுக்கு வர வேண்டும். அதில் எவ்வளவு வங்கிக் கடன், எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு மாமா தருவது என்று பிரித்துச் சொல்லவும் வர வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் யோசித்து வையுங்கள்.

விவசாயக் குடும்பங்களுக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் அம்பாசமுத்திரத்தில் கார், பிசானம் இரண்டு போகமும் நெல் எடுப்பவரிடமும், களக்காட்டில் வாழை போட்டவரிடமும் வருமான வரிக் கணக்குத் தாள் இருக்காது, அல்லது அதில் மிகச் சிறிய தொகை இருக்கும். இதைக் கண்டு பதற வேண்டாம். பட்டா, சிட்டா, அடங்கல், இ-சேவை வழியாக வாங்கிய வருமானச் சான்றிதழ், நெல்லோ வாழையோ விற்ற பணம் வரவான வங்கிக் கணக்குப் பக்கங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். கேட்டால், "என் தந்தைக்கு ஆறு ஏக்கர் ஆற்றுப்பாசன நிலம் இருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு போகம் நெல், செலவு போக இவ்வளவு மிஞ்சும்" என்று சொல்லுங்கள். நிலத்தை ஏக்கரில் சொல்லுங்கள். கோட்டை விதைப்பாடு தாத்தாவுக்குப் புரியும், அதிகாரிக்குப் புரியாது.

கல்விக் கடன் வாங்கப் போனால் வேறொரு சுவரில் முட்டுவீர்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேல் சொத்து அடமானம் கேட்பார்கள். அதற்கு விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். காரணம், கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமல் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. ஆகவே வீடு, அங்கீகாரம் பெற்ற மனை, வைப்புத் தொகை ஆகியவற்றில் ஒன்று வேண்டும். வீடு இன்னும் தாத்தா பெயரில், அல்லது சித்தப்பா பெரியப்பாவோடு கூட்டுப் பட்டாவில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் என்று மாதங்கள் ஓடும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று வங்கி கேட்பதைப் பார்த்தால், கடனுக்கான வேலையை இடம் கிடைத்த பிறகு தொடங்குவது தாமதம் என்பது புரியும். மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையிலேயே பத்திரப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். அரசு வங்கியில் இழுத்தடிக்கிறது என்று தனியார் நிதி நிறுவனத்துக்குப் போகிறவர்கள் வட்டியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விசா அதிகாரிக்கு இரண்டின் ஒப்புதல் கடிதமும் ஒன்றுதான். ஆண்டாண்டாய்க் கட்டப்போகிறவருக்கு ஒன்றல்ல.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று இருபது லட்சம் வந்து விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். மனை விற்ற பணமானால் கிரயப் பத்திர நகல் இருக்கட்டும். "பேலன்ஸ் காட்ட" வட்டிக்குப் பணம் வாங்கிப் போட்டுத் தருகிறோம், தேவையான தாள் தயாரித்துத் தருகிறோம் என்று சொல்லும் தரகர்களை வீட்டுப் படியேற விடாதீர்கள். போலி ஆவணம் அல்லது பொய் என்று முடிவானால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் நிரந்தரத் தகுதியிழப்பை விதிக்கிறது. சாதாரண மறுப்புக்கு அடுத்த வாய்ப்பு உண்டு. இதற்கு அநேகமாக இல்லை.

அம்மாவின் நகையை மதிப்பிட்டுச் சான்று வாங்கி வருகிறார்கள் சிலர். கோப்பின் அடியில் இருக்கட்டும், முதலில் அதைச் சொல்லாதீர்கள். அங்கே பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிப்பேன் என்றும் சொல்லாதீர்கள். எஃப்-1 எனப்படும் இந்த மாணவர் விசாவில் பாட நாட்களில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம்தான் அனுமதி, அதைக் கட்டணம் கட்டும் வழியாக அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இடையே ஒரு சொல். பிரிட்டனில் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பார்கள். அங்கே நேர்காணலைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நடத்திவிடும். ஜெர்மனிக்கு, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம். மாதாமாதம் குறிப்பிட்ட அளவு மட்டுமே எடுக்கவிடும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அங்கெல்லாம் பேச்சைவிடத் தாள் முக்கியம். அமெரிக்காவில் கோப்பைத் திறக்காமலே முடிவு சொல்லிவிடுவதும் உண்டு.

பேசிப் பழகுவது

உங்கள் நடையில், சின்னச் சின்ன வாக்கியங்களில் பதில் சொல்லப் பழகுங்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். இலக்கணப் பிழையோடு தெளிவாகச் சொன்ன பதில், ஒப்பித்த அழகான பதிலைவிட நூறு மடங்கு மேல். ஒப்பிப்பவரின் குரலே காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் அதிகாரி வேறு கேள்வி கேட்டால் திருவிழாவில் கை விட்ட குழந்தைபோல் நின்றுவிடுவார்.

"தந்தை என்ன செய்கிறார்?" என்பது தவறாமல் வரும் கேள்வி. நம்மவர்கள் ஒரே சொல்லில் "பிசினஸ்" என்பார்கள். அதில் தகவல் ஒன்றும் இல்லை. மும்பையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாரா, மேலப்பாளையத்தில் ஜவுளிக் கடையா, லாரி ஓட்டுகிறாரா, லாரி வைத்திருக்கிறாரா? எத்தனை ஆண்டாக, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆண்டுக்கு எவ்வளவு வருமானம் என்பதை இரண்டு வாக்கியத்தில் அடக்குங்கள். தொழில் சிறியது என்று கூச்சப்பட வேண்டியதில்லை. அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணமும் பணம்தான். சொல்லும்போது குரல் தாழ்ந்தால்தான் சந்தேகம்.

"ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்றால் "உலகத் தரம், நல்ல ஆசிரியர்கள்" என்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒட்டும் பதில். பாடத்திட்டத்தைத் திறந்து, நீங்கள் எடுக்கப்போகும் இரண்டு பாடங்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த மின்பொறியியல் மாணவர், காற்றாலை மின்சாரத்தை மின்தொகுப்பில் இணைப்பதைப் பற்றிய பாடம் அங்கே இருப்பதால் தேர்ந்தெடுத்தேன் என்றால் அது அவருடைய பதில், வேறு யாருக்கும் பொருந்தாது. எத்தனை இடங்களுக்கு விண்ணப்பித்தீர்கள், எத்தனை மறுத்தன என்று கேட்டால் எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லுங்கள்.

அரியர் இருந்ததா என்றால், இருந்தது. எந்தப் பாடம், எப்போது முடித்தேன் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பேராசிரியர் சரியில்லை, உடம்பு சரியில்லை என்ற கதையெல்லாம் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வீட்டில் இருந்தீர்கள் என்றால் அந்த ஓராண்டில் என்ன செய்தீர்கள் என்பதற்கும் விடை வேண்டும்.

எல்லோரையும் கலங்கடிப்பது, "படிப்பு முடிந்ததும் என்ன திட்டம்?" என்ற கேள்வி. சட்டப்படி மாணவர் விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அதிகாரி தொடங்க வேண்டும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. படித்த துறையில் பன்னிரண்டு மாதம் பயிற்சி வேலை பார்க்கவும், அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் இருபத்துநான்கு மாதம் நீட்டிக்கவும் விதி உண்டு என்பது அவருக்கும் தெரியும். அப்படி ஒரு விதியே கேள்விப்பட்டதில்லை என்று நடிக்காதீர்கள். ஆனால் உங்கள் பேச்சு அதில் தொடங்கி அதிலேயே முடியவும் கூடாது. திரும்பி வந்து எங்கே, என்ன வேலை என்று ஒரு உருவம் இருக்கட்டும். கங்கைகொண்டானில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலை வந்திருக்கிறது, மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது, கூடங்குளம் இருக்கிறது. உங்கள் படிப்புக்கும் இவற்றில் ஒன்றுக்கும் மெய்யாகவே தொடர்பு இருந்தால் சொல்லுங்கள். தொடர்பில்லாமல் பெயரை மட்டும் எடுத்து வீசினால் அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். "அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பது நம் வீட்டில் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களும் அதையேதான் சொல்லப்போகிறார்கள்.

ஒத்திகை பார்ப்பதானால் நின்றுகொண்டு பாருங்கள். அங்கே நாற்காலி கிடையாது. நண்பனை அதிகாரியாக வைத்தால் சிரிப்பில் முடியும். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கண்டிப்பானவர் ஒருவரிடம் உங்கள் டி.எஸ்-160 பிரதியைக் கொடுத்து, அதிலிருந்து எதையாவது கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவதை நாம் துடுக்குத்தனம் என்று வளர்ந்திருக்கிறோம். கவுண்டரில் அந்த மரியாதை எதையோ ஒளிப்பதாகத் தோன்றும், நிமிர்ந்து பாருங்கள். ஆமாம் என்பதற்குத் தலையை ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். கேள்வி காதில் விழவில்லையென்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்வதில் குற்றமில்லை. ஊகித்துப் பதில் சொல்வதுதான் குற்றம்.

சென்னைக்குப் போவது

நேர்காணல் தேதி திடீரென்று கிடைக்கும். ரயில் முன்பதிவோ அறுபது நாள் முன்பே திறந்துவிடும், நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் இருக்காது. தட்கலை நம்பலாம், வந்தே பாரத் காலையில் புறப்பட்டு மதியத்துக்கு மேல் சென்னை சேர்த்துவிடும். அதற்கும் வழியில்லையென்றால் பஸ், ஆனால் தென்மாவட்டப் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நிற்கின்றன. அங்கிருந்து அண்ணா சாலைக்கு நகரைப் பாதி கடக்க வேண்டும். அவசரமென்றால் தூத்துக்குடி வாகைக்குளத்தில் விமான நிலையம் இருக்கிறது. எதில் போனாலும் முதல் நாளே சென்னையில் இருங்கள். விடியற்காலை ரயிலில் இறங்கி நேரே நேர்காணலுக்குப் போகிற திட்டம், விழுப்புரத்தில் சிக்னல் விழாத ஒருநாள் உடைந்துபோகும்.

துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கிறது; ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கைரேகை மையம் வேறு இடம். முகவரியை உறுதிக் கடிதத்தில் பாருங்கள். கைப்பேசி, ஸ்மார்ட் கடிகாரம், பை எதற்கும் உள்ளே அனுமதி இல்லை, வைத்துவிட்டுப் போகத் தூதரகத்தில் இடமும் தரமாட்டார்கள். அப்பாவோ அக்காவோ துணைக்கு வந்தால் அவர்களிடம் கொடுத்துவிடலாம். அவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். உறவினர் வீட்டுக்கென்று வாங்கி வந்த அல்வாப் பொட்டலத்தை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உள்ளே தெரியும் பிளாஸ்டிக் கோப்பில் பாஸ்போர்ட், ஐ-20, டி.எஸ்-160 உறுதிப் பக்கம், செவிஸ் ரசீது, தேதிக் கடிதம் ஆகியவை மேலே. மதிப்பெண் சான்றிதழ்கள், தேர்வு மதிப்பெண்கள், கடன் ஒப்புதல், வங்கிக் கணக்கு, சொத்துத் தாள்கள் கீழே. கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். கேட்காமலே பட்டாவை நீட்டாதீர்கள். உடைக்குச் சலவைச் சட்டையும் பேண்ட்டும் அல்லது சுடிதாரோ சேலையோ போதும். ஜூன் மாதச் சென்னை வெயிலில் கோட்டு போட்டு வியர்த்து வழிவதால் யாரும் விசா தருவதில்லை.

முடிவு வந்த பிறகு

அதிகாரி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டால் விசா ஒப்புதலாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அது கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, செவிஸ் எண் ஆகியவற்றை அன்றே சரிபாருங்கள். படிப்பு தொடங்குவதற்கு முப்பது நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. விமான டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள். ஐ-20ஐ மூட்டையில் கட்டிவிடாமல் கைப்பையில் வையுங்கள், இறங்கியதும் குடியேற்ற மேசையில் கேட்பார்கள்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 221(ஜி) பிரிவு என்று எழுதிய தாள் கொடுத்தால் அது முடிவான மறுப்பன்று. ஏதோ ஆவணம் குறைகிறது, அல்லது மேல் பரிசீலனை நடக்கிறது. கேட்டதை மட்டும், கேட்ட வழியில் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்று நீங்கள் காட்டவில்லை எனச் சொல்லும் 214(பி) பிரிவுத் தாளோடு பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்தால் மறுத்துவிட்டார்கள். கவுண்டரில் வாதாடிப் பயனில்லை, மேல்முறையீடும் கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. விசாக் கட்டணத்தை மீண்டும் கட்ட வேண்டும். செவிஸ் கட்டணம் பன்னிரண்டு மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்தால் செல்லும். வெளியே வந்ததும், சூடு ஆறுமுன், என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று வரிவரியாக எழுதி வையுங்கள். அடுத்த வாரமே அதே தாள்களோடு போய் நிற்பவர்களுக்கு அதே பதில்தான் கிடைக்கும். கடன் ஒப்புதல் அப்போது இல்லாமல் இருந்து இப்போது வந்திருக்கிறதா, படிப்புக்கும் பழைய துறைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லத் தெரியாமல் இருந்து இப்போது தெரிகிறதா, ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். வகுப்பு தொடங்க நாள் நெருங்கிவிட்டதென்றால் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்துப் புதிய ஐ-20 கேளுங்கள். பல இடங்களில் மறுப்புத் தாளின் நகலை அனுப்பினால் போதும்.